உணவில் தங்கும் மருந்து

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழர் எவரும் பழவங்காடியை அறியாதிரார். பிள்ளையார் சந்நிதியில் சிதறுதேங்காய் உடைபடும் ஓசை ஒருபுறம். சற்று அப்பால் சாலைக் கடைவீதியில் கேட்கும் நம்மவர் பேச்சு மற்றொருபுறம். அங்காடி என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய இவ்விடத்தைச் சுற்றி வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை எண்ணிப் பாருங்கள். முட்டை நாமக்கல்லிலிருந்து லாரியில் வருகிறது. கறிக்கோழியும் பலவேளை தமிழ்நாட்டுப் பண்ணையில் வளர்ந்து எல்லை தாண்டி வந்ததே. ஓணக் காலத்தில் கேரளத்தின் பால் போதாமல் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பால் தருவிக்கப்படுகிறது. இறால் மட்டும் இந்நாட்டுக் கடலிலோ காயலிலோ பிடிபட்டதாக இருக்கலாம். நாம் ஊரை விட்டு வந்தாலும் ஊரின் உணவு சோதனைச் சாவடிகளைக் கடந்து நம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது.

இவ்வுணவுகளை வாங்கும்போது நாம் நிறம் பார்க்கிறோம், மணம் பார்க்கிறோம், முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம். இவற்றுள் எதனாலும் புலப்படாத ஒரு பொருளைப் பற்றியே இவ்வுரையில் கூற எண்ணினோம். மாட்டுக்கும் கோழிக்கும் இறாலுக்கும் நோய் தீரவோ, நோய் வராமல் தடுக்கவோ, எடை கூடவோ கொடுக்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் சிறிதளவு தங்கிவிடுகிறது. மருந்துக் கடைகளில் ‘ஆன்டிபயாடிக்’ என்று வழங்கப்படுவது இதுவே. அவ்வாறு தங்குவதற்கு அரசாங்க ஆவணங்களில் ‘எச்சம்’ என்று எழுதுகிறோம். மொழிபெயர்ப்பு மேசையில் இச்சொல்லோடு நமக்குச் சற்றுப் போராட்டம் உண்டு. கோழிப்பண்ணை பற்றிய அறிவிப்பில் ‘எச்சப் பரிசோதனை’ என்று எழுதினால், கோழி இடும் எச்சத்தைச் சோதிக்கச் சொல்வதாகவே படிப்பவர் கொள்ளக்கூடும். ஆயினும் இலக்கணத்தில் முடிவு பெறாது நிற்கும் வினையை வினையெச்சம் என்கிறோம் அல்லவா? அப்பொருள் இங்கே நன்கு பொருந்துகிறது. மாட்டின் உடலில் தொடங்கிய மருந்தின் வேலை அங்கு முடியாமல் நம் உடல் வரை வந்து சேருகிறது. ஆகவே ‘மருந்தெச்சம்’ என்றே இங்கு வழங்குவோம்.

நோயுற்ற மாட்டுக்கு மருந்து கொடுப்பது இயல்பு. நோயில்லாத கோழிக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் எப்படித் தோன்றிற்று? அதன் வரலாற்றில் சென்னையில் பயின்ற ஒருவரின் பெயரும் வருகிறது. 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கு லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவராக விளங்கினார். அக்கூடத்தில் பெஞ்சமின் டுக்கர் என்னும் முதிய தாவரவியலார், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தார். ‘ஆரியோமைசின்’ என்று பெயரிடப்பட்ட அது 1948இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சுப்பாராவ் அவ்வாண்டிலேயே காலமானார். அதே கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்னும் இருவர் கோழிக்குஞ்சுகளுக்கு பி12 உயிர்ச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். மருந்து எடுத்தபின் எஞ்சிய நொதிக்கலவையில் அச்சத்து இருக்கும் என்று கருதி, அதனைத் தீனியில் சேர்த்தனர். குஞ்சுகள் உயிர்ச்சத்து மட்டும் உண்டவற்றைக் காட்டிலும் விரைந்து வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று பின்னர் விளங்கிற்று. 1950ஆம் ஆண்டையொட்டி வெளியான இச்செய்தி உலகெங்கும் கோழித்தீனியின் போக்கை மாற்றிவிட்டது.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்திருந்தார். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவில் மருந்தைக் கொடுத்தால், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகளை நாமே வளர்த்தவராவோம் என்பது அதன் சாரம். தீனியில் நாள்தோறும் சிறிது மருந்து கலப்பது அவர் அஞ்சிய காரியத்தையே பண்ணைக்குப் பண்ணை செய்வதாகும். பிரிட்டனில் 1969இல் சுவான் குழு இதனைச் சுட்டிக்காட்டிற்று. ஸ்வீடன் 1986இல் எடைகூட்டும் மருந்துகளை விலக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் விலக்க 2006ஆம் ஆண்டு ஆயிற்று. நம் நாட்டில் மனித மருத்துவத்தின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றான கொலிஸ்டின் என்னும் மருந்தை உணவு விலங்குகளுக்கும் தீனிக்கும் விற்கலாகாதென்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். மருந்தெச்சத்தை முதன்முதலில் கண்டு சொன்னது எந்த விலையுயர்ந்த கருவியும் அன்று. உறையாத பாலே அதனைக் காட்டிக்கொடுத்தது. மடிநோய் கண்ட மாட்டுக்குப் பெனிசிலின் ஏற்றும் வழக்கம் பரவியபோது, மேனாட்டுப் பாலாடைக்கட்டி செய்வோர் ஒரு விந்தையைக் கண்டனர். நல்ல பால், நல்ல உறை. ஆனாலும் பால் உறைய மறுத்தது. பாலில் இருந்த மருந்து, உறையிலுள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டது. நம் வீடுகளில் இரவு உறை ஊற்றிய பால் காலையில் நீர்த்துக் கிடந்தால், ‘குளிர்’ என்றோ ‘உறை மோர் சரியில்லை’ என்றோ சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவாகவே இருக்கும். வீண் ஐயம் வேண்டுவதில்லை. ஆயினும் ஒரே உறையில் ஒரு வீட்டுப் பால் உறைந்து, மற்றொரு வீட்டுப் பால் நாள்தோறும் உறையாமற்போனால் பால்காரரிடம் மாட்டுக்கு என்ன வைத்தியம் நடக்கிறதென்று கேட்பதில் தவறில்லை.

இந்தத் தயிர்ப் பாடத்தையே அறிவியலார் ஒரு சோதனையாகச் செம்மைப்படுத்தினர். சிறு கண்ணாடிக் குழாயில் ஊதா நிறமுள்ள கூழ் ஒன்று இருக்கும். அதில் வெப்பத்தை விரும்பி வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துக்கள் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு துளியோ இரண்டு துளியோ பாலை விட்டு, 64 பாகை சென்டிகிரேடு சூட்டில் சுமார் மூன்று மணி நேரம் வைப்பார்கள். பாலில் மருந்து இல்லையெனில் வித்துக்கள் முளைத்துப் பெருகி, புளிப்பை உண்டாக்கும். புளிப்புப் பட்டதும் ஊதா மஞ்சளாக மாறும். மருந்து இருந்தால் நுண்ணுயிர் முளைக்காது. ஊதா ஊதாவாகவே நிற்கும். ஒரு கிலோ பாலில் மைக்ரோகிராம் கணக்கில் சிலவே பெனிசிலின் இருந்தாலும் இச்சோதனை காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு நுட்பம் வாய்ந்த சோதனைக்குத் தேவையானவை ஒரு வெந்நீர்த் தொட்டியும் ஒரு கடிகாரமும் நிறம் பார்க்கும் கண்ணுமே. கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனமும் நுண்ணுயிர் வித்துக்களைக் கொண்டே நம் நாட்டுப் பால் நிலையங்களுக்கேற்ற சோதனையை உருவாக்கியுள்ளது.

இதற்குக் குறையும் உண்டு. ஊதா நின்றால் ‘ஏதோ ஒரு மருந்து இருக்கிறது’ என்று தெரியும். எம்மருந்து என்றோ எவ்வளவு என்றோ தெரியாது. பெனிசிலின் இனத்தை நன்றாகக் காணும் அந்த நுண்ணுயிர், வேறு சில மருந்துகளைப் பெருமளவில் வந்தாலொழியக் காணாது. ஆயினும் பால் சேகரிப்பு நிலையத்து வாயிலில் இதற்கு நிகரான காவலாள் இல்லை. ஒரே மாட்டின் பால் ஒரு பெரிய தொட்டியைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால், கலப்பதற்கு முன்பு சோதிப்பதிலேதான் பயன் இருக்கிறது.

மருந்து கொடுத்தால் எச்சம் தங்கத்தானே செய்யும், இதற்கு என்ன வழி என்று கேட்கலாம். வழி மிக எளியது: காத்திருத்தல். உடல் மருந்தைச் சிதைத்து வெளியேற்றச் சில நாள்கள் ஆகும். அந்நாள்கள் கழியும்வரை பாலைக் கறந்து கொட்டிவிட வேண்டும், முட்டையை விற்கலாகாது, கோழியை அறுக்கலாகாது. இதனை ‘விலக்கு நாள்கள்’ என்போம். 2012இல் திருத்தப்பட்ட மருந்து விதிகளின்படி, உணவு விலங்குகளுக்கான மருந்துப் புட்டியின் மேல் இக்காலத்தைக் குறிக்க வேண்டும். தனியாக வகுக்கப்படாத மருந்துக்குப் பால், முட்டையாயின் 7 நாளுக்குக் குறையாமலும், கோழி, கால்நடை இறைச்சியாயின் 28 நாளுக்குக் குறையாமலும் விலக்கு வேண்டும். மீனுக்கு 500 ‘பாகை நாள்’ என்று ஒரு கணக்கு. நீரின் வெப்பத்தை நாள்களால் பெருக்க 500 வர வேண்டும். 25 பாகைச் சூடுள்ள குளமாயின் 20 நாள். குளிர்ந்த நீரில் மீனின் உடல் மெல்ல இயங்குவதால் இன்னும் பல நாள்.

காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இவ்விதி, தொழுவத்திலும் பண்ணையிலும் எளிதன்று. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கும் அம்மையாரிடம் ஒரு வாரப் பாலைக் கொட்டிவிடு என்றால், அது அவர் பிள்ளையின் பள்ளிச் செலவைக் கொட்டு என்பதாகும். கறிக்கோழியின் ஆயுளே சுமார் 40 நாள். முப்பதாம் நாளில் நோய் வந்து மருந்து கொடுத்தவர் 28 நாள் காத்திருந்தால் தீனிச் செலவிலேயே முதல் கரைந்துபோகும். இவர்களைக் குற்றவாளிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட நமக்கு மனம் வருவதில்லை. மேலும் அப்புட்டியின் மேலுள்ள விலக்கு நாள் விவரம் பலவேளை பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்தை ஊசியில் ஏற்றும் கைக்கு அந்த எழுத்து எட்டுவதில்லை. தமிழ்நாட்டுப் பண்ணையானால் தமிழிலும், கேரளப் பண்ணையானால் மலையாளத்திலும், அங்கு கூலிவேலை செய்யும் வடநாட்டவர் பொருட்டு இந்தியிலும் ஒரே ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சிட்டால் எத்தனையோ பரிசோதனைகளுக்கு வேலையே இராது என்பது நம் எண்ணம். மொழிபெயர்ப்போரின் தற்பெருமை என்று நேயர்கள் இதனைக் கொள்ளாதிருப்பார்களாக.

கேரளத்தார் இப்பொருளை நன்கு உணர்ந்தது பாலினால் அன்று, இறாலினால். 2001ஆம் ஆண்டின் இறுதியிலும் 2002இலும் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் ஆசிய நாடுகளிலிருந்து வந்த இறாலில் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் என்னும் மருந்துகளின் எச்சத்தைக் கண்டன. சீனத்திலிருந்து வந்த விலங்குணவுப் பொருள்களுக்கு 2002 ஜனவரியில் ஐரோப்பா கதவடைத்தது. இந்திய இறாலும் ஐயத்துக்குள்ளாயிற்று. கொச்சியிலும் அரூரிலும் கொல்லத்துச் சக்திகுளங்கரையிலும் இறால் உரித்துப் பதப்படுத்தும் கூடங்களின் பிழைப்பே ஆட்டங்கண்டது. குளோராம்பெனிகாலை நம்முள் முதியோர் நன்கறிவர். குடற்காய்ச்சலுக்கு ஒருகாலத்தில் உயிர் காத்த மாத்திரை அது. ஆனால் மிகச் சிலருக்கு அம்மருந்து எலும்பு மச்சையை வற்றச் செய்து, உடலில் இரத்தம் ஊறாமல் செய்துவிடும். எவருக்கு, எவ்வளவில் இக்கேடு வரும் என்று வரையறுக்க இயலாது. எனவே ‘இவ்வளவு இருக்கலாம்’ என்ற வரம்பே அதற்கு இல்லை. உணவு விலங்குகளில் அறவே தடை. இறால் உரிக்கும் பெண்டிர் கைப்புண்ணுக்குத் தடவும் களிம்பிலிருந்துகூட இம்மருந்து இறாலில் ஏறக்கூடும் என்பதால், கூடங்களில் அவர்கள் கை வைத்தியத்துக்கும் கட்டுப்பாடு வந்தது.

வரம்பே இல்லாத பொருளை எப்படிச் சோதிப்பது? கருவி எவ்வளவு நுண்ணிய அளவைக் காண வல்லதோ அதுவே எல்லையாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அன்று குளோராம்பெனிகாலுக்கு ஒரு கிலோவில் 0.3 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்தது. இதனை மனத்தில் நிறுத்த ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அரிசியின் எடை சுமார் 20 மில்லிகிராம். அந்த ஓர் அரிசி அளவு மருந்து 66 டன் இறாலில், அதாவது பத்து டன் ஏற்றும் லாரிகள் ஏறக்குறைய ஏழில், சீராகக் கரைந்திருந்தால் வருவதே 0.3 மைக்ரோகிராம். 2022 நவம்பர் முதல் இந்த எல்லை 0.15 ஆகப் பாதியாயிற்று.

இவ்வளவு நுணுக்கத்தைக் காணப் பரிசோதனை இரு படிகளில் நடைபெறுகிறது. முதற்படி ‘எலிசா’. ஒரு தட்டில் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் குறித்த ஒரு மருந்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் பூசப்பட்டிருக்கும். இறாலின் சாற்றோடு, நிறம் உண்டாக்கும் பொருள் கட்டிய அதே மருந்தையும் விடுவார்கள். இரண்டும் இடத்துக்குப் போட்டியிடும். சாற்றில் மருந்து மிகுந்தால் நிறப் பொருளுக்கு இடம் குறையும். குழி வெளுத்துத் தோன்றும். சாறு தூயதாயின் குழி நன்றாக நிறமேறும். ஒரே நாளில் பல மாதிரிகளை இவ்வாறு சலித்துவிடலாம். ஆனால் இது ஐயத்தை எழுப்பவே வல்லது, தீர்ப்புச் சொல்லத்தக்கதன்று. தீர்ப்புக்கு இரண்டாம் படி: மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டர் என்னும் நிறைமானி. சாற்றிலுள்ள பொருள்களை ஒரு நீண்ட மெல்லிய குழாயில் செலுத்தி ஒவ்வொன்றாகப் பிரித்து, மின்னேற்றி, ஒவ்வொரு மூலக்கூறின் நிறையையும் அளந்து, அதனை உடைத்து, உடைந்த துண்டுகளின் நிறையையும் அளக்கும் கருவி அது. முழு உருவின் எடையும் துண்டுகளின் எடையும் ஒருங்கே பொருந்தினாலன்றி ‘இன்ன மருந்து’ என்று சொல்லுவதில்லை.

நைட்ரோபியூரான் விஷயம் இன்னும் சுவையானது. அம்மருந்து உடலில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும். மருந்தையே தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆனால் அதன் உடைந்த துண்டு தசையின் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் கிடக்கும். ஆய்வாளர் இறாலை மென்மையான அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து அத்துண்டை விடுவித்து, வேறொரு பொருளோடு கட்டிக் கனமாக்கி, பிறகே நிறைமானியில் இடுகின்றனர். இம்முறை கைவந்த பின்புதான் ஐரோப்பாவில் நைட்ரோபியூரான் பிடிபடத் தொடங்கிற்று.

கருவி பொய் சொல்லாது என்று இதனால் முடிவு கட்டிவிடலாகாது. இம்மருந்து இனத்துள் ஒன்று உடைந்தால் ‘செமிகார்பசைடு’ என்னும் துண்டு கிடைக்கும். இந்தியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சென்ற நன்னீர் இறாலில் அத்துண்டு காணப்பட்டதென்று சரக்குகள் சிக்கலுக்குள்ளாயின. அந்த இறாலின் ஓட்டிலேயே அப்பொருள் இயற்கையாக இருக்கிறதென்று பெல்ஜிய நாட்டு ஆய்வு ஒன்று 2011இல் வெளியாயிற்று. மருந்தையே கண்டிராத குளத்து இறாலும் ஓட்டோடு அரைத்துச் சோதித்தால் குற்றவாளியாகிவிடும்! கருவி மூலக்கூறைச் சரியாகவே கண்டது. அது எங்கிருந்து வந்ததென்று அதற்குத் தெரியாது. இறாலின் எப்பகுதியை எடுத்துச் சோதிப்பது என்னும் சிறு கேள்வியில் பல குடும்பங்களின் சோறு அடங்கியிருந்தது.

2002ஆம் ஆண்டின் அடிக்குப் பின்னர் நம்மவர் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசு மீன் வளர்ப்பில் இம்மருந்துகளை அவ்வாண்டே தடுத்தது. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் கடலோர மாநிலங்களில் எலிசா கூடங்களை அமைத்தது. குளத்தில் இறாலை அரிப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துச் சோதித்துச் சான்று தரும் முறை வந்தது. எச்சம் கண்டால் விளைச்சல் குளத்திலேயே நிற்கும். கப்பலேறித் திரும்பி வராது. அப்படியும் 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியப் பண்ணை இறாலில் சோதிக்கும் பங்கை 10 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்திற்று. நூறு சரக்கு சென்றால் ஐம்பதைச் சோதிப்பது என்பது சிறு காரியமன்று.

அயல்நாட்டார் தட்டில் விழும் இறாலுக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. பழவங்காடிக்கருகே நாம் வாங்கும் கோழிக்கும் பாலுக்கும் என்ன காவல்? இக்கேள்வி வெகுகாலம் பதிலின்றி இருந்தது என்பதே உண்மை. தில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் வாங்கிய 70 கோழி இறைச்சி மாதிரிகளைச் சோதித்து, 40 விழுக்காட்டில் மருந்தெச்சம் கண்டதாக அறிவித்தது. அதன் பின்னரே பலர் விழித்துக்கொண்டனர். இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் பல மருந்துகளுக்கு வரம்பு வகுத்து 2018இல் அறிவித்தது. அவ்வாண்டில் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளுள் 77இல் வரம்பு மீறிய மருந்தெச்சம் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே மேல். பாலைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை என்பதற்கும், சோதனையை நிறுத்தலாகாது என்பதற்கும் அந்த எண்ணே சான்று.

2025 டிசம்பரில் முட்டையில் நைட்ரோபியூரான் இருப்பதாக ஒரு செய்தி பரவி வீடுகளில் கலக்கம் உண்டாயிற்று. தடைசெய்த மருந்துக்கு ஒரு கிலோவில் 1 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பு எதற்கு, அப்படியானால் அதனை அனுமதித்துவிட்டார்களா என்று பலர் கேட்டனர். ஆணையம் விளக்கம் தந்தது. முட்டைக்கோழிக்கு அம்மருந்தைக் கொடுப்பது எந்நிலையிலும் குற்றமே. 1 மைக்ரோகிராம் என்பது ஆய்வுக்கூடங்கள் ஐயமின்றிக் காணக்கூடிய அளவைக் கொண்டு, நடவடிக்கை எடுப்பதற்காக வைத்த கோடு. 50 கிராம் முட்டை ஒன்றில் அது ஒரு மைக்ரோகிராமின் இருபதில் ஒரு பங்குதான். இத்தகைய செய்தி வரும்போது, எந்த மருந்து, எத்தனை மாதிரி, என்ன அளவு என்னும் மூன்றையும் கேட்டு அறியாமல் முட்டையை நிறுத்துவது குழந்தைகளுக்கே நட்டம்.

பரிசோதனையில் காலம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கேரள எல்லையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது வேறு பொருளைப் பற்றியது. 2023 ஜனவரியில் தென்காசிப் பக்கமிருந்து வந்த 15,300 லிட்டர் பால் லாரி ஆரியங்காவுச் சாவடியில் நிறுத்தப்பட்டது. பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாகப் பால்வளத் துறையின் சோதனை காட்டிற்று. உணவுப் பாதுகாப்புத் துறையார் எடுத்த மாதிரி பின்னர் திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டபோது அது காணப்படவில்லை. அப்பொருள் நேரம் செல்லச் செல்லத் தானே சிதைந்துவிடும் இயல்புடையது என்பதால் தாமதம் பற்றி இரு துறைகளுக்கிடையே பெரும் வாதம் எழுந்தது. மருந்தெச்சம் இவ்வாறு மணிக்கணக்கில் மறைவதில்லை. வீட்டில் காய்ச்சினாலும் போவதில்லை. சில மருந்துகள் கொதியில் ஓரளவு குறையும், குளோராம்பெனிகால் போன்றவை ஏறக்குறைய அப்படியே நிற்கும். எல்லைச் சாவடியிலோ அடுக்களையிலோ அதனை நீக்கும் வழி இல்லை, தொழுவத்தில்தான் உண்டு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விலக்கு நாள்களை ஒழுங்காகக் காத்த கோழியின் இறைச்சி சோதனையில் தூயதாகவே தோன்றும். ஆனால் அக்கோழி குஞ்சாக இருந்த நாள் முதல் தீனியில் மருந்தை உண்டிருந்தால், மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் அதன் குடலில் பழகியிருக்கக்கூடும். அக்கிருமிகள் உரத்தோடும் நீரோடும் வெளியேறி மனிதரை வந்தடைவதை எச்சப் பரிசோதனை காணாது. அதற்குக் கிருமியையே வளர்த்துச் சோதிக்கும் வேறு முறை வேண்டும். கேரள அரசு 2018இல் மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒன்றாக வைத்துத் திட்டம் வகுத்ததன் காரணம் இதுவே. மாநில அளவில் இத்தகைய திட்டம் வகுத்ததில் கேரளமே முன்னோடி.

நம் போன்றோர் செய்யக்கூடியது என்ன? மருத்துவர் சீட்டின்றி நாமே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கிவிட்டு, மாட்டுக்காரரைக் குறை சொல்வது அழகன்று. அதை முதலில் நிறுத்தலாம். பால் ஊற்றுபவர் ‘மாட்டுக்கு ஊசி போட்டிருக்கிறது, மூன்று நாள் பால் இல்லை’ என்று உண்மை சொன்னால், வேறு ஆளைத் தேடி ஓடாமல் அந்த மூன்று நாள் பொறுத்து அவரிடமே திரும்பிச் செல்லலாம். உண்மை சொன்னவருக்கு வாடிக்கை போய்விட்டால், அடுத்த முறை அவர் சொல்லமாட்டார்.

ஐயம் வலுவாக இருந்தால் சட்டமும் ஒரு வழி வைத்திருக்கிறது. பலர் அதனை அறியார். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, அதிகாரி மட்டுமன்றி, பொருள் வாங்கிய எவரும் கட்டணம் செலுத்தி அதனை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதிக்கக் கொடுக்கப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டத்துக்கு மாறாக இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். திருவனந்தபுரத்து அரசுப் பகுப்பாய்வுக்கூடம் வஞ்சியூரில் இருக்கிறது. பழவங்காடியிலிருந்து நடந்தே செல்லலாம். போகுமுன் எந்தப் பொருளில் எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘பால் நல்லதா?’ என்ற கேள்விக்கு எந்தக் கருவியும் பதில் சொல்லாது. எல்லாச் சோதனையும் எல்லாக் கூடத்திலும் நடைபெறுவதில்லை ஆதலால், அச்சோதனை அங்கு உண்டா, மாதிரி எவ்வளவு வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றை முதலில் கேட்டறிவது நலம். பாலாயின் பனிக்கட்டியில் வைத்து, கெடுவதற்கு முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.